பிரமிடுகளை கட்டியது ஏலியன்களா, அடிமைகளா? எகிப்து கட்டடங்களின் 4,600 ஆண்டு கதை

பிரமிடுன்னு தேடினாலே இரண்டு கதைகள் வரிசை கட்டி வரும். ஒன்று, வேற்று கிரகவாசிகள் வந்து கட்டினார்கள் என்பது. இன்னொன்று, சாட்டையடி வாங்கிய அடிமைகள் கட்டினார்கள் என்பது. இரண்டுக்கும் ஆதாரம் இல்லை.

அப்படின்னா கட்டியது யார்? பிற்கால மன்னர்கள் ஏன் பிரமிடு கட்டுவதை நிறுத்தினார்கள்? பிரமிடின் பளபளப்பான வெளிக்கற்கள் எங்கே போயின? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

திண்ணையில் தொடங்கிய பிரமிடு

ஆரம்பகால எகிப்து மன்னர்களின் கல்லறைகள் பச்சை செங்கல்லால் கட்டிய தட்டையான மேடைகள்தான். இவற்றை 'மஸ்தபா' என்கிறார்கள். அரபு மொழியில் திண்ணை போன்ற மேடை என்று அர்த்தம்.

சுமார் கி.மு. 2650-ல் மன்னர் ஜோசருக்காக சக்காராவில் புது முயற்சி நடந்தது. கல்லால் ஒரு மஸ்தபா, அதன் மேல் கொஞ்சம் சிறியதாக இன்னொன்று என ஆறு அடுக்குகள் எழுந்தன. உயரம் சுமார் 62 மீட்டர். இதை வடிவமைத்தவராகக் கருதப்படும் இம்ஹோதெப்பை, பிற்கால எகிப்தியர்கள் கடவுளாகவே வணங்கினார்கள்.

பின்னர் வந்த மன்னர் ஸ்னெஃப்ரு, தஹ்ஷூரில் பக்கங்கள் சரிவான பிரமிடு கட்டத் தொடங்கினார். சாய்வு அதிகமாகிவிட்டது. பாதியிலேயே 54 டிகிரி சாய்வை 43 டிகிரியாகக் குறைத்தார்கள். அதனால்தான் அது இன்றும் 'வளைந்த பிரமிடு'. அந்தப் பாடத்தோடு அருகிலேயே சிவப்பு பிரமிடை சரியாகக் கட்டி முடித்தார்கள்.

அவருடைய மகன் குஃபு கட்டியதுதான் கிசாவின் பெரிய பிரமிடு. சுமார் 23 லட்சம் கற்கள், 146 மீட்டர் உயரம். சுமார் 3,800 ஆண்டுகள் உலகிலேயே உயரமான கட்டடம் அதுதான். திண்ணையில் தொடங்கி, தப்பு செய்து, திருத்திக் கற்றுக்கொண்ட மனிதர்களின் வேலை இது என்பது இந்த வரிசையிலேயே தெரிகிறது.

கட்டியவர்கள் யார்?

1990-ல் கிசாவில் ஒரு குதிரை, மணலுக்குள் புதைந்திருந்த சுவரில் கால் இடறியது. அங்கே தோண்டியபோது பிரமிடு தொழிலாளர்களின் கல்லறைகள் கிடைத்தன. பக்கத்திலேயே அவர்கள் தங்கிய ஊரும், ரொட்டி சுட்ட அடுப்புகளும், சாப்பிட்டுப் போட்ட ஆடு, மாடுகளின் எலும்புகளும் வெளிவந்தன.

சில எலும்புக்கூடுகளில் முறிந்த கை, கால் சரியாகக் கூடியிருந்தது. அதாவது, வைத்தியம் பார்த்திருக்கிறார்கள். மன்னரின் பிரமிடுக்குப் பக்கத்தில் மரியாதையோடு அடக்கம் செய்யப்பட்டவர்களை அடிமைகள் என்று சொல்ல முடியாது என்பதே ஆய்வாளர்கள் வாதம்.

அதற்காக சுகமான வேலை என்றும் நினைத்துவிட வேண்டாம். அரசு ஆள் கேட்டால் ஊர்கள் அனுப்பியாக வேண்டும். முதுகெலும்பு தேய்ந்துபோன எலும்புக்கூடுகளே அதற்கு சாட்சி.

2013-ல் செங்கடல் கரையில் வாடி அல்-ஜார்ஃப் என்ற இடத்தில் பாப்பிரஸ் சுவடிகள் கிடைத்தன. மெரேர் என்ற மேற்பார்வையாளர் தன் குழுவோடு துரா குவாரியிலிருந்து படகில் சுண்ணாம்புக்கல் ஏற்றி கிசாவுக்குக் கொண்டுபோன கணக்கு அதில் நாள்வாரியாக இருக்கிறது.

சம்பளம் வரல, வேலைநிறுத்தம்!

பிரமிடு என்பது 'உள்ளே தங்கம் இருக்கு' என்று திருடர்களுக்குப் போர்டு வைத்த மாதிரி. அதனால் பிற்கால மன்னர்கள் லக்சருக்கு எதிரே உள்ள மலைகளைக் குடைந்து ரகசியமாகக் கல்லறை அமைத்தார்கள். அதுதான் 'மன்னர்களின் பள்ளத்தாக்கு'. 1922-ல் துட்டன்காமன் கல்லறை கிடைத்தது இங்கேதான்.

இவற்றைக் குடைந்த கைவினைஞர்கள் தெய்ர் எல்-மெதினா என்ற தனி ஊரில் வாழ்ந்தார்கள். சம்பளம் தானியமாக வரும். மூன்றாம் ராம்சேஸ் காலத்தில், சுமார் கி.மு. 1157-ல் அது வராமல் போனது. பசி தாங்காமல் வேலையை நிறுத்தி, கோயில்களுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துவிட்டார்கள். எழுத்தில் பதிவான உலகின் முதல் வேலைநிறுத்தம் என்று இதைச் சொல்கிறார்கள். அந்தப் பதிவு இத்தாலியின் டூரின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

கோயில், சர்ச், மசூதி

ஃபிலே தீவில் உள்ள ஐசிஸ் கோயிலில்தான், தேதி தெரிந்த கடைசி சித்திர எழுத்து பொறிக்கப்பட்டது. ஆண்டு கி.பி. 394. பிறகு அந்தக் கோயிலே சர்ச் ஆனது. லக்சர் கோயிலுக்குள் அபு ஹக்காக் மசூதி இன்றும் தொழுகையோடு இயங்குகிறது.

969-ல் ஃபாத்திமிட்கள் கெய்ரோ நகரை நிறுவினார்கள். அல்-அஸ்ஹர் மசூதி எழுந்ததும் அப்போதுதான். 1303-ல் பெரிய நிலநடுக்கம். அதன் பிறகு பிரமிடின் வெளிக்கற்கள் கெய்ரோவின் கட்டடங்களுக்குப் போய்ச் சேர்ந்தன. மிச்சம் பார்க்க வேண்டுமென்றால் காஃப்ரே பிரமிடின் உச்சியைப் பாருங்கள்.

கோயில் தப்பியது, ஊர்?

1960-ல் அஸ்வான் உயர் அணை கட்டும் வேலை தொடங்கியது. அபு சிம்பெல் கோயில்கள் மூழ்கும் நிலை. யுனெஸ்கோ அழைப்பில் உலக நாடுகள் கைகோத்தன. 1964 முதல் 1968 வரை, மலையில் குடைந்த கோயில்களை ஆயிரத்துக்கும் மேற்பட்ட துண்டுகளாக அறுத்து, சுமார் 65 மீட்டர் மேலே கொண்டுபோய் அப்படியே சேர்த்தார்கள்.

ஆனால், அதே தண்ணீரில் நூபிய மக்களின் கிராமங்கள் மூழ்கின. எகிப்தில் மட்டும் சுமார் 50 ஆயிரம் பேர் பூர்வீக மண்ணை விட்டு வெளியேற்றப்பட்டார்கள். நைல் கரைக்கே திரும்ப வேண்டும் என்ற அவர்களின் கோரிக்கை அடுத்த தலைமுறைகளிலும் தொடர்கிறது.

2025 நவம்பர் 1-ல் கிசா பிரமிடுகளுக்கு அருகே பிரமாண்டமான கிராண்ட் எகிப்தியன் அருங்காட்சியகம் அதிகாரபூர்வமாகத் திறக்கப்பட்டது. துட்டன்காமன் கல்லறையின் 5,000-க்கும் மேற்பட்ட பொருட்கள் இங்கே ஒரே இடத்தில். அங்கே போகிறவர்கள் தங்க முகமூடியைத் தேடித்தான் முதலில் ஓடுவார்கள். அந்தக் கல்லறையைக் குடைந்தவர்களுக்கும் ஒரு ஊர் இருந்தது, அவர்களும் சம்பளத்துக்குக் காத்திருந்தார்கள் என்பதையும் நினைவில் வைத்துக்கொண்டு போகலாம்.