வாகன விபத்து அறிவிப்பு (காப்பீடு)

வாகன விபத்து அறிவிப்பு என்பது, காப்பீடு செய்யப்பட்ட வாகனம் விபத்துக்குள்ளானதை அதன் உரிமையாளரோ ஓட்டுநரோ காப்பீட்டு நிறுவனத்திற்குத் தெரிவிப்பதாகும். காப்பீடு என்பது இலங்கையில் காப்புறுதி என வழங்கும். கீறலும் ஒடுக்கும் மட்டுமே விழுந்த சிறு மோதல்கள் பெரும்பாலும் சாலையோரத்திலேயே பேசி முடிக்கப்படுகின்றன. ஆனால் அவ்வாறு பேசி முடிப்பதே காப்பீட்டு ஒப்பந்தத்தின் நிபந்தனை ஒன்றை மீறுவதாக அமையக்கூடும் என்பது பலரும் அறியாதது. இக்கட்டுரை இந்திய நடைமுறையை விருதுநகர் மாவட்டத்தின் இருக்கன்குடி, சிவகாசி வட்டாரச் சூழலுடன் விளக்குகிறது.

சட்டப் பின்னணி

இந்தியாவில் மூன்றாம் தரப்புக் காப்பீடு 1939 ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் கீழ் 1946 சூலை 1 முதல் கட்டாயமாக்கப்பட்டது. இப்போது நடைமுறையிலுள்ள 1988 ஆம் ஆண்டுச் சட்டத்தின் 146 ஆம் பிரிவும் அதனையே வலியுறுத்துகிறது. அச்சட்டத்தின் 134 ஆம் பிரிவு விபத்துக்குப் பின் ஓட்டுநருக்கு உள்ள கடமைகளைக் கூறுகிறது. காயமுற்றவருக்கு மருத்துவ உதவி கிடைக்கச் செய்தல் முதற் கடமை. காவலர் எவரும் அங்கு இல்லையெனில், இயன்ற விரைவில், எவ்வாறாயினும் 24 மணி நேரத்திற்குள், அருகிலுள்ள காவல் நிலையத்தில் தெரிவித்தல் இரண்டாவது. காப்பீட்டு நிறுவனத்திற்கு எழுத்து மூலம் அறிவித்தல் மூன்றாவது. இது 1994 ஆம் ஆண்டுத் திருத்தத்தில் சேர்க்கப்பட்டது.

எவரேனும் காயமுற்றால் மட்டுமன்றி, பிறருடைய உடைமை சேதமுற்றாலும் இப்பிரிவு பொருந்தும். எனவே முன்னால் நின்ற வண்டியின் பம்பரை உடைத்ததும் இதில் அடங்கும். தவறுவோருக்கு 2019 ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி ஆறு மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம்.

ஒப்பந்த நிபந்தனைகள்

2002 ஆம் ஆண்டின் இந்திய மோட்டார் கட்டண விதித்தொகுப்பில் உள்ள ஒப்பந்த வாசகங்களையே நிறுவனங்கள் பெரிதும் பின்பற்றி வருகின்றன. அதன் முதல் நிபந்தனை, விபத்து நேர்ந்தவுடன் எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும் என்பதாகும். பின்னர் வரும் வழக்கறிஞர் அறிவிப்பு, நீதிமன்ற அழைப்பாணை போன்றவற்றையும் உடனடியாக அனுப்ப வேண்டும்.

இரண்டாம் நிபந்தனையே சிறு மோதல்களில் சிக்கலை உண்டாக்குவது. நிறுவனத்தின் எழுத்து மூல இசைவின்றி உரிமையாளர் குற்றத்தை ஒப்புக்கொள்ளவோ, பணம் தருவதாக வாக்களிக்கவோ, பணம் கொடுக்கவோ கூடாது. "தவறு என்னுடையது, இரண்டாயிரம் வைத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லி அனுப்பியவருக்கு, சில வாரங்கள் கழித்து எதிர்த்தரப்பினரின் முதுகுவலி மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தின் மனுவாகத் திரும்பி வரக்கூடும். அப்போது நிறுவனத்திடம் விபத்து பற்றிய பதிவு எதுவும் இராது, ஒளிப்படங்களும் இரா.

மோதலில் சேதமுற்ற வண்டியைப் பழுது நீக்காமல் தொடர்ந்து ஓட்டினால், அதனால் கூடும் சேதம் உரிமையாளரையே சாரும். ரேடியேட்டர் ஒழுகும் நிலையில் ஊர்வரை ஓட்டிச் சென்று இயந்திரத்தைக் கெடுத்துக்கொள்வது இதற்கு வழக்கமான எடுத்துக்காட்டு.

அறிவிக்கும் முறை

தொலைபேசி, செயலி, இணையதளம் ஆகியவற்றின் வழியே அறிவிக்கலாம். ஒப்பந்த எண், விபத்தின் நாள், நேரம், இடம், ஓட்டுநரின் உரிம விவரம், எதிர்த்தரப்பு வாகன எண் ஆகியவை கேட்கப்படும். வண்டிகளை நகர்த்துமுன் எண் பலகை தெரியுமாறு படம் எடுத்துக்கொள்வது நன்று. அறிவித்ததும் தரப்படும் கோரிக்கை எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். பின்னர் எழும் எல்லாக் கேள்விகளுக்கும் அந்த எண்ணே சான்று.

அடுத்து சர்வேயர் எனப்படும் இழப்பு மதிப்பீட்டாளர் வண்டியைப் பார்வையிடுவார். இலங்கையில் நிறுவனத்தின் மதிப்பீட்டாளர் விபத்து நடந்த இடத்திற்கே வருவது பரவலான வழக்கம். இந்தியாவில் சிறு மோதல்களுக்கு அவர் பெரும்பாலும் பணிமனைக்கே வருகிறார், அல்லது படங்களைக் கொண்டே மதிப்பிடுகிறார். அவர் பார்க்குமுன் பாகங்களைக் கழற்றலாகாது. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் 2024 ஆம் ஆண்டுச் சுற்றறிக்கை, மதிப்பீட்டாளரை 24 மணி நேரத்திற்குள் நியமிக்கவும், அறிக்கை கிடைத்த 7 நாட்களுக்குள் கோரிக்கையை முடிவு செய்யவும் பணிக்கிறது.

அறிவித்தலும் கோருதலும்

விபத்தை அறிவித்தல் வேறு, சொந்த வண்டியின் சேதத்திற்கு இழப்பீடு கோருதல் வேறு. முன்னது கடமை, பின்னது உரிமையாளரின் விருப்பம். இழப்பீட்டில் நெகிழி, இரப்பர் பாகங்களுக்கு 50 விழுக்காடு தேய்மானம் கழிக்கப்படும். கண்ணாடிக்குத் தேய்மானம் இல்லை. 1500 கன செ.மீ. வரையிலான மகிழுந்துக்குக் கட்டாயக் கழிவாக மேலும் 1,000 ரூபாய் குறையும்.

எடுத்துக்காட்டாக, 6,000 ரூபாய் விலையுள்ள நெகிழிப் பம்பருக்குக் கைக்கு வருவது 2,000 ரூபாயே. கோரிக்கை இல்லாத ஆண்டுகளுக்கான தள்ளுபடி 20 விழுக்காட்டில் தொடங்கி 50 வரை உயரும். ஒரு கோரிக்கையுடன் அது முழுவதும் போய்விடும். சொந்தச் சேதப் பகுதிக்கான கட்டணம் 8,000 ரூபாய், தள்ளுபடி 35 விழுக்காடு எனில், அடுத்த ஆண்டே 2,800 ரூபாய் இழப்பாகிறது. இத்தகைய நிலையில் அறிவித்துவிட்டு, பழுதுச் செலவைத் தாமே ஏற்பதே இலாபம். தேய்மானமில்லாக் காப்பீட்டைக் கூடுதல் கட்டணம் செலுத்திப் பெற்றவர்களுக்கு இக்கணக்கு மாறும்.

இருக்கன்குடி, சிவகாசி வட்டாரம்

அர்ச்சுனா ஆறும் வைப்பாறும் கூடுமிடத்தில் அமைந்த இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்கு ஆடி மாதத்தில், குறிப்பாகக் கடைசி வெள்ளியன்று, பெருந்திரளானோர் வருகின்றனர். சாத்தூரிலிருந்து செல்லும் சாலையில் பாதயாத்திரை செல்வோரும், வேன்களும், சரக்கு வண்டிகளும், டிராக்டர்களும் நெருங்கிச் செல்லும்போது உரசல்கள் நேர்வது இயல்பு.

இங்கு கவனிக்க வேண்டியது வண்டியில் இருப்பவர் யார் என்பதாகும். சரக்கு வண்டியில் சரக்கின் உரிமையாளரோ அவருடைய பிரதிநிதியோ செல்லலாம். ஏனைய பயணிகளுக்குக் காப்பீட்டு நிறுவனம் பொறுப்பன்று என ஆஷா ராணி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2002 இல் தீர்ப்பளித்தது. நேர்த்திக்கடனுக்காக உறவினர் இருபது பேரைச் சுமை வண்டியில் ஏற்றி வரும் உரிமையாளர், அவர்களுக்கு நேரும் காயத்திற்குத் தாமே பொறுப்பேற்க நேரிடும். சொந்தப் பயன்பாட்டிற்கான மகிழுந்தை வாடகைக்கு விட்டிருந்தாலும் கோரிக்கை மறுக்கப்படலாம். அறிவிப்பில் இவற்றை மறைப்பது நிலைமையை மேலும் மோசமாக்கும்.

சிவகாசியிலிருந்து பட்டாசு ஏற்றிச் செல்லும் வண்டிகளுக்குச் சிறு மோதலும் சிறிதன்று. 1989 ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 136 ஆவது விதியின்படி, அபாயகரமான சரக்கு விபத்துக்கு உள்ளானால் ஓட்டுநர் அருகிலுள்ள காவல் நிலையத்திற்கு உடனே தெரிவித்து, வண்டி உரிமையாளருக்கோ போக்குவரத்து நிறுவனத்திற்கோ அறிவிக்க வேண்டும். இங்கு 24 மணி நேர அவகாசம் கிடையாது. ஓட்டுநர் உரிமத்தில் இதற்கான மேற்குறிப்பும் தேவை. அது இல்லையெனில் காப்பீட்டு நிறுவனம் அதனை முதலில் சுட்டிக்காட்டும்.

தாமதமும் முறையீடும்

தாமதத்தை மட்டும் காரணம் காட்டி உண்மையான கோரிக்கைகளை மறுக்கக்கூடாது என ஒழுங்குமுறை ஆணையம் 2011 செப்டம்பரில் அறிவுறுத்தியது. தாமதத்திற்கு ஏற்கத்தக்க விளக்கம் இருந்தால் கோரிக்கை செல்லும் என 2017 இல் ஓம் பிரகாஷ் வழக்கில் உச்ச நீதிமன்றமும் கூறியது. இது வாகனத் திருட்டு தொடர்பான வழக்காகும்.

கோரிக்கை மறுக்கப்பட்டால் முதலில் நிறுவனத்தின் குறைதீர் அலுவலரிடம் எழுத்து மூலம் முறையிட வேண்டும். ஒரு மாதத்திற்குள் பதில் இல்லையெனில், அல்லது பதில் நிறைவளிக்கவில்லையெனில், சென்னையிலுள்ள காப்பீட்டு ஒம்புட்ஸ்மேன் அலுவலகத்தை ஓராண்டிற்குள் அணுகலாம். இதற்குக் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் வழியாக முறையிடவும் இயலாது. ஒம்புட்ஸ்மேன் வழங்கும் தீர்வு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும்.