கடும்பாறையில் நீர் இறைப்பின் நீண்டகாலச் செலவு: கொண்டப்பநாயக்கன்பட்டியை முன்வைத்து

சேலத்துக்கு வடக்கே சேர்வராயன் மலையடிவாரத்தில் உள்ளது கொண்டப்பநாயக்கன்பட்டி. மலை சார்னோகைட் பாறை. சமவெளியில் பெரும்பாலும் நைஸ் பாறை. மேலே சிதைந்து பொடிந்த சில பத்து மீட்டரில்தான் நீர் தேங்கும். அதற்குக் கீழே விரிசல் அகப்பட்டால் உண்டு, இல்லையேல் வெறும் பாறை. நிலத்தடி நீரின் பொருளாதாரத்தை இங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

நியூ மெக்சிகோவின் பெக்கோஸ் படுகையை வைத்து கிசரும் சான்செஸும் 1980-இல் எழுதிய கட்டுரை புகழ்பெற்றது. அவரவர் விருப்பப்படி இறைத்தாலும் அரசு நெறிப்படுத்தினாலும் பயனில் பெரிய வேறுபாடு இராது என்றார்கள். மட்டம் இறங்கினால் செலவு ஏறும். செலவு ஏறினால் இறைப்பு தானே குறையும். கணிதம் சரிதான். ஆனால் நீர் ஒரே தொட்டியில் கிடக்கிறது, செலவை இறைப்பவரே கொடுக்கிறார் என்ற இரு அனுமானங்களின் மேல் அது நிற்கிறது. சேலத்தில் இரண்டுமே பொருந்தாது.

ஓர் ஏக்கருக்கு 5 செ.மீ. உயரம் நீர் பாய்ச்ச ஏறத்தாழ 2 லட்சம் லிட்டர் வேண்டும். மோட்டாரும் பம்பும் சேர்ந்து 40 விழுக்காடு திறனில் ஓடுவதாகக் கொண்டால், 20 மீட்டர் கிணற்றிலிருந்து இறைக்க 27 யூனிட் போதும். 300 மீட்டரிலிருந்து 400 யூனிட்டைத் தாண்டும். இந்தப் பதினைந்து மடங்கு உழவர் கண்ணில் படுவதேயில்லை. சிறு உழவர்களுக்கு 1984-இலும் பின்னர் எல்லா உழவர்களுக்கும் மின்சாரம் இலவசமாயிற்று.

அவர் கண்ணில் படுவது ஆழ்துளைக் கிணறு (போர்) போடும் ரிக் வண்டிக்காரரின் பில். திருச்செங்கோட்டு வண்டி அடிக்கணக்கில் கூலி வாங்கும். ஆழம் கூடக்கூட அடிக்கூலியும் கூடும். கேசிங் பைப்புக்குத் தனிக்காசு. கடைசிவரை வெறும் பாறைப்புழுதியே பறந்தாலும் கொடுக்கத்தான் வேண்டும். ஆகவே உண்மையான நீர்விலை, ஓடும் போரின் செலவோடு பொய்த்துப்போன போர்களின் செலவையும் சேர்த்து வகுத்தால் வருவது. கர்நாடகக் கடும்பாறைப் பகுதிகளில் எம். ஜி. சந்திரகாந்த் முதலியோர் இப்படித்தான் கணக்கிட்டார்கள். நம் பயிர்ச்செலவுக் கணக்குகளில் பொய்த்த போருக்கு ஒரு வரிகூடக் கிடைப்பது அரிது.

என் வாதம் இதுதான்: ஆழப் போடுவது புதுநீரைத் தருவது குறைவு, பக்கத்துத் தோட்டத்துக்காரர் கிணற்றில் ஊறவேண்டியதை முன்னதாக இழுத்துக்கொள்வதே மிகுதி. ஊர்க்கணக்கில் அது உற்பத்தி முதலீடு ஆகாது, இடமாற்றச் செலவு. கடன் வாங்கும் தெம்பு உள்ளவர் ஜெயிப்பார். திறந்த கிணற்றோடு நிற்பவர் நிலத்தைத் தரிசாகப் போடுவார். மின்கட்டணம் விதித்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பாரோடும் நான் உடன்படவில்லை. கடன்பட்டுப் போட்ட போரை யூனிட்டுக்குச் சில ரூபாய் நிறுத்தாது. தடுக்க வேண்டிய இடம் துளை போடுமுன் இருக்கிறது.

2003-இல் இயற்றிய தமிழ்நாடு நிலத்தடி நீர்ச் சட்டம் நடைமுறைக்கே வராமல் 2013-இல் நீக்கப்பட்டது. ஆனால் ஆழ்துளைக் கிணறு அமைக்க ஊராட்சியின் முன் அனுமதி வேண்டும் என்ற 2015-ஆம் ஆண்டு விதிகள் இருக்கின்றன. குழந்தைகள் விழுந்து இறப்பதைத் தடுக்க வந்தவை அவை. அதே அனுமதித் தாளில் ஆழம், நீர் கண்ட அடி, பொய்த்ததா என்ற மூன்று கட்டங்களைச் சேர்க்கத் தனிச்சட்டம் தேவையில்லை. ஊரக வளர்ச்சித் துறை அதை உடனே செய்யலாம்.