பதிவுச் சான்றும் வண்டியும்: இந்தியாவில் பழைய ஜீப்புகள் உருமாறிய வரலாறு

பழைய நான்கு சக்கர இயக்க வண்டி ஒன்றை வாங்கி, கைக்கு அடங்கிய செலவில் அதைக் கரடுமுரடான பாதைக்கு ஏற்றதாக்கி, திங்கட்கிழமை அதே வண்டியில் அலுவலகம் செல்வது இன்று நகரத்து இளைஞர்களின் வார இறுதிப் பொழுதுபோக்காக அறியப்படுகிறது. ஆனால் இந்தியாவில் இப்பழக்கம் பற்றாக்குறையில் பிறந்தது. அதன் வரலாற்றைப் பின்தொடர்ந்தால், ஓர் எளிய கேள்வி ஒவ்வொரு கட்டத்திலும் வெவ்வேறு விடையைப் பெற்றிருப்பது புலனாகும்: ஒரு வண்டி எப்படி இருக்க வேண்டும் என்று தீர்மானிப்பவர் யார்?

1940இல் அமெரிக்க இராணுவம் கேட்ட இலகுரக உளவு வண்டியிலிருந்து பிறந்தது ஜீப். வில்லிஸ், ஃபோர்டு ஆகிய இரு நிறுவனங்களும் போர் முடிவதற்குள் ஆறு இலட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்புகளைத் தயாரித்தன. 80 அங்குல அச்சிடைத் தொலைவு, 2.2 லிட்டர் பெட்ரோல் எஞ்சின், சுமார் 60 குதிரைத்திறன். இரு நிறுவனத்து வண்டிகளின் பாகங்களும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும் என்பது இராணுவத்தின் நிபந்தனை. போர்க்களத்தில் உடைந்த இரண்டு வண்டிகளைக் கொண்டு ஓடும் வண்டி ஒன்றை உருவாக்க முடிய வேண்டும் அல்லவா? பின்னாளில் இந்தியப் பட்டறைகளுக்குப் பெரிதும் கைகொடுத்தது இந்தப் பொருந்துதன்மையே.

போர் முடிந்ததும் உபரி ஜீப்புகள் உலகெங்கும் ஏலத்துக்கு வந்தன, இந்தியாவிலும் வந்தன. பழைய ஜீப்பைப் புதுப்பித்துப் பயன்படுத்துவது அன்று அரசுக்கே தேவைப்பட்டது. 1948இல் காஷ்மீர்ப் போரின் அவசரத்தில் இலண்டன் வழியாகப் புதுப்பிக்கப்பட்ட ஜீப்புகளை வாங்க ஒப்பந்தம் செய்யப்பட்டது. வந்து சேர்ந்த 155 வண்டிகள் பயன்படுத்தத் தக்க நிலையில் இல்லை. சுதந்திர இந்தியாவின் தொடக்ககால ஊழல் சர்ச்சைகளுள் ஒன்றாக அது வரலாற்றில் இடம்பெற்றது. பழைய வண்டியைச் சீர்செய்வதில் நம்பிக்கைக்கும் ஏமாற்றத்துக்கும் இடையே உள்ள தூரம் எவ்வளவு குறைவு என்பதற்கு இதைவிடப் பழைய சான்று இந்நாட்டில் அரிது.

1945இல் மகிந்திரா சகோதரர்களும் மாலிக் குலாம் முகம்மதும் இணைந்து தொடங்கிய 'மகிந்திரா அண்ட் முகம்மது' எஃகு வணிக நிறுவனம். பிரிவினைக்குப் பின் குலாம் முகம்மது பாகிஸ்தானின் முதல் நிதியமைச்சர் ஆனார். 1948இல் நிறுவனம் 'மகிந்திரா அண்ட் மகிந்திரா' ஆயிற்று. 1940களின் பிற்பகுதியில் வில்லிஸ் ஜீப்புகளைப் பம்பாயில் பாகம் பாகமாக இறக்கிப் பூட்டத் தொடங்கிய அந்நிறுவனம், பின்னர் உயர்ந்த முன்மூடி கொண்ட சிஜே-3பி மாதிரியைப் பல்லாண்டுகள் தயாரித்தது. அமெரிக்காவில் வழக்கொழிந்த உருவம் இந்தியாவில் அன்றாட வண்டியாக நீடித்தது. வனத்துறை, பொதுப்பணித்துறை, தேயிலைத் தோட்டம், தேர்தல் பிரசாரம் என எல்லா இடத்திலும் அது ஓடியது. 'ஜீப்' என்ற வணிகப் பெயர் இந்திய மொழிகள் பலவற்றில் பொதுப்பெயரானதும் இவ்வாறே. எந்த நிறுவனம் செய்திருந்தாலும், மேடேறும் திறந்த வண்டி 'ஜீப்'தான்.

உரிமக் கட்டுப்பாட்டுக் காலத்தில் புதிய வண்டி கிடைப்பது கடினம். இறக்குமதி ஏறத்தாழ இயலாது. ஆகவே ஒரு வண்டியின் ஆயுளைப் பட்டறைதான் நீட்டித்தது. அக்காலத்தில் மிகப் பரவலாக நிகழ்ந்த மாற்றம் எஞ்சின் மாற்றம். காரணம் எளிது: அரசு நிர்ணயித்த விலையில் டீசல் பெட்ரோலைவிட வெகுவாக மலிவாக இருந்தது, 2014 அக்டோபரில் டீசல் விலைக் கட்டுப்பாடு நீக்கப்படும் வரை அந்த இடைவெளி ஏதோ ஓர் அளவில் தொடர்ந்தது. மகிந்திரா நிறுவனமே டிராக்டர் வழிவந்த டீசல் எஞ்சினையும், பின்னர் பிரான்சின் பெஜோ நிறுவனத்தின் உரிமம் பெற்று எக்ஸ்டிபி 4.90 எஞ்சினையும் ஜீப்பில் பொருத்தியது. உற்பத்தியாளர் ஆலையில் செய்ததைப் பட்டறைக்காரர் தெருவில் செய்தார். இரண்டுக்கும் தருக்கம் ஒன்றே.

இதன் மிகத் துலக்கமான எடுத்துக்காட்டு டார்ஜிலிங் மலைகளில் உள்ளது. மானேபஞ்சாங் என்னும் சிற்றூரிலிருந்து, மேற்கு வங்கத்தின் மிக உயர்ந்த இடமான 3,636 மீட்டர் உயரச் சந்தக்பு வரை சுமார் 30 கிலோமீட்டர் பாதையில் 1950களின் லேண்ட் ரோவர்கள் பல்லாண்டுகளாகப் பயணிகளையும் சரக்கையும் ஏற்றிச் சென்று வருகின்றன. போருக்குப் பின் பிரிட்டனில் எஃகு தட்டுப்பாடாக இருந்ததால் அவற்றின் உடல் அலுமினியக் கலவையில் செய்யப்பட்டது. மழையும் பனியும் நிறைந்த மலையில் அது துருப்பிடிக்காமல் பிழைத்தது. எஞ்சின் பிழைக்கவில்லை. அசல் உதிரிகள் அரிதானதும் பல வண்டிகளில் மகிந்திராவின் டீசல் எஞ்சின்கள் இடம்பிடித்தன. சேகரிப்பாளரின் கண்ணுக்கு இது அசலைக் கெடுத்த செயல். ஓட்டுநரின் குடும்பத்துக்கோ, வண்டி இன்றும் ஓடுவதற்கு அதுவே காரணம். அருங்காட்சியகத்தில் வைத்திருந்தால் எஞ்சின் அசலாக இருந்திருக்கும். வண்டியின் தொழில் இருந்திருக்காது.

ஜோங்காவின் கதையும் இதை ஒத்ததே. நிசான் பேட்ரோல் வடிவமைப்பில், ஜபல்பூர் வாகனத் தொழிற்சாலையில் இராணுவத்துக்காகத் தயாரான வண்டி அது. படையில் பணி முடித்து ஏலத்தில் வெளிவந்த ஜோங்காவின் ஏறத்தாழ நான்கு லிட்டர் பெட்ரோல் எஞ்சினுக்குத் தீனி போடுவது சாதாரணக் குடும்பத்தால் ஆகாத காரியம். எனவே அதிலும் டீசல் எஞ்சின்கள் ஏறின. ஜப்பானிய வடிவம், இந்திய அரசுத் தொழிற்சாலைத் தயாரிப்பு, வேறொரு நிறுவனத்தின் எஞ்சின்: இவ்வண்டியின் 'அசல்' எது என்ற கேள்விக்கு நேரான விடை கிடையாது.

1985 டிசம்பரில் அறிமுகமான மாருதி ஜிப்ஸி, சுசுகி எஸ்ஜே410 குடும்பத்தைச் சேர்ந்தது. முதலில் 970 சிசி எஞ்சின், 1996இல் 1.3 லிட்டர். ஒரு டன்னுக்குச் சற்றுக் குறைவான எடை, உறுதியான சட்டகம், முன்னும் பின்னும் லீஃப் ஸ்பிரிங். படையும் காவல்துறையும் அதைப் பெருமளவில் வாங்கியதால் உதிரிகள் எங்கும் கிடைத்தன. 1999இல் தொடங்கிய 'ரெய்டு டி ஹிமாலயா' போன்ற போட்டிகளில் அது நிலையான முகமானது. செலவுக்காகச் செய்த மாற்றம், திறனுக்காகச் செய்யும் மாற்றமாக உருமாறியது இக்காலத்தில்தான்.

ஜிப்ஸியில் மிக மலிவான மாற்றம், அச்சுக்குக் கீழே இருக்கும் ஸ்பிரிங்கை அச்சுக்கு மேலே ஏற்றுவது. அச்சுக்குழாயின் விட்டமும் ஸ்பிரிங் அடுக்கின் தடிப்பும் சேர்ந்த அளவுக்கு உடல் உயரும். புதிய உதிரி அதிகம் வேண்டாம், வெல்டிங் போதும். ஆனால் அத்துடன் ஸ்டியரிங் கம்பியின் கோணம் மாறும். புரொப்பெல்லர் ஷாஃப்டின் மூட்டுகள் தேயும். பிரேக் குழாயின் நீளம் போதாமல் போகும். ஈர்ப்பு மையம் உயர்ந்து, வளைவில் கவிழும் வாய்ப்புக் கூடும். டயரின் விட்டத்தைப் பத்து விழுக்காடு கூட்டினால் வேகமானி 60 காட்டும்போது வண்டி 66 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும், எஞ்சினுக்குச் சுமை கூடும், பிரேக்குக்கும் கூடும். காட்டில் ஊர்ந்து செல்கையில் இவை குறையாகத் தெரிவதில்லை. நெடுஞ்சாலையில் தெரியும். அன்றாட வண்டியை மாற்றுவதன் அடிப்படைச் சிக்கல் இதுவே: ஒரே வண்டி, ஒன்றுக்கொன்று முரணான இரண்டு சாலைகள். தேய்ந்த புஷ், பழைய பிரேக், ஒழுகும் சீல் ஆகியவற்றைப் புதுப்பித்து, அதே அளவில் நல்ல பிடிப்புள்ள டயர் போட்டு, இழுத்து மீட்க உறுதியான கொக்கி பொருத்துவதோடு நிறுத்திக்கொள்ளும் அனுபவசாலிகள் இந்த முரணை உணர்ந்தவர்கள்.

இந்த நெடுங்கதையில் சட்டம் நின்ற இடம் நடுவில் மாறிவிட்டது என்பது பலர் கவனிக்காத செய்தி. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, அதன் முதல் வடிவில், பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் பொய்த்துப்போகும்படி வண்டியை மாற்றக்கூடாது என்றது. ஆனால் முன்கூட்டித் தெரிவித்துப் பதிவு அலுவலரின் ஒப்புதல் பெற்றால் மாற்றலாம் என்றும் வழிவிட்டது. மாறிய வண்டிக்கேற்பச் சான்று திருத்தப்படும். 2000ஆம் ஆண்டின் திருத்தம் இந்த வாக்கிய அமைப்பையே மாற்றியது. சான்றின் விவரங்கள் உற்பத்தியாளர் முதலில் குறித்த விவரங்களிலிருந்து மாறுபடும் வகையில் எந்த மாற்றமும் கூடாது என்பது புதிய வடிவம். எரிபொருள் மாற்றக் கருவி போன்ற சில விலக்குகள் மட்டும் எஞ்சின.

இரண்டு வடிவங்களையும் அருகருகே வைத்துப் படித்தால் வேறுபாடு தெளிவாகும். முன்னதில் வண்டி மாறலாம், சான்று அதைப் பின்தொடர வேண்டும். பின்னதில் சான்று மாறாது, வண்டி அதைப் பின்தொடர வேண்டும். 'உற்பத்தியாளர்' என்ற ஒரு சொல் உள்ளே வந்ததும், உடைமையாளரும் பதிவு அலுவலரும் பேசி முடித்துக்கொண்ட விஷயத்தில் மூன்றாமவர் ஒருவர் இறுதிச் சொல் பெற்றார்.

கேரளத்திலிருந்து எழுந்த வழக்கில் 2019 சனவரி 9 அன்று உச்ச நீதிமன்றம் இந்தப் பொருளையே உறுதிசெய்தது. அதன் அடிப்படை சாலைப் பாதுகாப்பு. உற்பத்தியாளர் ஒரு மாதிரியை விற்கும் முன் அரசு அங்கீகரித்த சோதனை நிலையத்தில் சான்று பெறுகிறார். பட்டறையில் உயர்த்திய வண்டிக்கு அத்தகைய சோதனை இல்லை. இத்தருக்கத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. அதே சாலையில் செல்லும் இன்னொருவர், எதிரே வரும் வண்டியின் பிரேக் எவ்வாறு மாற்றப்பட்டது என்று அறிய வழியில்லை.

எனினும் வரலாறு ஒரு சங்கடத்தை முன்வைக்கிறது. சோதனைச் சான்று முறை வேரூன்றும் முன்பே பிறந்த ஜீப்புக்கும், ஏலத்தில் வந்த ஜோங்காவுக்கும், டீசலேறிய லேண்ட் ரோவருக்கும் 'உற்பத்தியாளர் முதலில் குறித்த விவரம்' என்ற அளவுகோல் எதைக் காப்பாற்றுகிறது? மூல விவரத்துக்குத் திரும்பினால் அவற்றுள் பல நின்றே போகும். மேலும், 2022 ஏப்ரல் முதல் பதினைந்து ஆண்டு கடந்த கார்களின் மறுபதிவுக் கட்டணம் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்ந்தது. பழைய வண்டியை வைத்திருப்பதற்கான செலவும் சட்டச் சுமையும் ஒருசேரக் கூடுகின்றன. அச்சுமை முதலில் விழுவது பொழுதுபோக்காளர் மீதல்ல, மலைப்பாதையில் பிழைப்பு நடத்துவோர் மீது.

தடையற்ற உரிமை, முழுத் தடை ஆகிய இரண்டுக்கும் நடுவே ஓர் இடம் உண்டு. அந்த இடம் 2000க்கு முன் இந்தியச் சட்டத்திலேயே இருந்தது. மாற்றத்தைத் தெரிவி, சோதனைக்கு உட்படுத்து, ஒப்புதல் பெறு, சான்றைத் திருத்து என்ற வரிசை அது. சோதனை வசதிகள் அன்றைவிட இன்று மிகுதி. பட்டறைக்காரரின் எண்பதாண்டு அறிவைச் சட்டத்துக்குப் புறம்பானதாக வைத்திருக்கும் வரை அது மறைவிலேயே வேலை செய்யும். மறைவில் செய்த வெல்டிங்கை எவரும் சோதிப்பதில்லை. அதன் விலையைத் தருவது, அச்சட்டம் யாரைக் காக்க எழுதப்பட்டதோ அந்தச் சாலைப் பயணிதான்.