ஆந்த்ராக்ஸ்: நஞ்சை முந்த வேண்டிய மருந்து

வலிக்காத புண்ணுக்காக யாரும் மருத்துவரைத் தேடிச் செல்வதில்லை. ஆந்த்ராக்ஸ் நோயின் சூது அதில்தான் இருக்கிறது. பூச்சி கடித்தது போன்ற அரிப்பு, பிறகு நீர்க்கொப்புளம், சில நாள்களில் நடுவே கரிபோல் கறுத்த புண். கரியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லே இந்நோய்க்குப் பெயராயிற்று. நம் கால்நடை வளர்ப்போருக்கு இது 'அடைப்பான்'.

'பேசில்லஸ் ஆந்த்ராசிஸ்' என்ற பாக்டீரியாவே இதற்குக் காரணம் என்பதை 1876-இல் ராபர்ட் கோக் நிறுவினார். இக்கிருமி நுண்வித்தாக உறைந்து மண்ணில் பல பத்தாண்டுகள் பிழைத்திருக்கும். மேயும் விலங்குகளைத் தாக்கி, அவற்றின் தோல், உரோமம், இறைச்சியைக் கையாளும் மனிதரின் சிறு காயம் வழியே உடலுக்குள் புகும். பெரும்பாலானோருக்கு வருவது இத்தோல் வகையே. சிகிச்சை பெற்றால் இதில் உயிரிழப்பு மிக அரிது. பெறாவிட்டால் ஐவரில் ஒருவர் வரை இறக்கக்கூடும்.

மூச்சுவழி நுழையும் வகைதான் கொடியது. நுரையீரலை அடையும் வித்துகளை விழுங்கும் தற்காப்புச் செல்களே அவற்றை மார்பின் நடுவிலுள்ள நிணநீர்க் கணுக்களுக்குச் சுமந்து செல்கின்றன. அங்கே வித்துகள் முளைத்து நஞ்சைச் சுரக்கின்றன. முதலில் சாதாரணக் காய்ச்சலும் உடல்வலியும்தான். அடுத்த கட்டத்தில் மூச்சுத்திணறல், இரத்த அழுத்த வீழ்ச்சி, சிலருக்கு மூளையுறையில் இரத்தக்கசிவு.

சிப்ரோஃப்ளாக்சசின், டாக்சிசைக்ளின் போன்ற மருந்துகள் கிருமியைக் கட்டுப்படுத்தும். ஏற்கெனவே பரவிவிட்ட நஞ்சை அவற்றால் முறிக்க இயலாது. 2001-இல் அமெரிக்காவில் அஞ்சல் உறைகளில் வித்துகள் அனுப்பப்பட்டபோது 22 பேர் பாதிக்கப்பட்டனர். மூச்சுவழி வகைக்கு ஆளான 11 பேரில் 5 பேர் இறந்தனர். பிழைத்த 6 பேரும் தொடக்கக் கட்டத்திலேயே உரிய மருந்தைப் பெற்றவர்கள். நஞ்சுமுறிக்கும் எதிர்ப்புரதமான ராக்சிபாகுமாப் 2012-இல்தான் அங்கு ஒப்புதல் பெற்றது. வித்துகள் நுரையீரலில் வாரக்கணக்கில் உறங்கக்கூடும் என்பதால், அவற்றைச் சுவாசித்தவர்கள் நோய்க்குறி இல்லாவிட்டாலும் 60 நாள்கள் மாத்திரை உட்கொள்ள வேண்டும்.

2022-இல் கேரளத்தின் அதிரப்பள்ளி வனப்பகுதியில் காட்டுப்பன்றிகள் இந்நோயால் மடிந்தன. ஆகவே இது அயல்நாட்டு அச்சம் மட்டுமன்று. திடீரென இறந்த ஆட்டையோ மாட்டையோ அறுத்தால், காற்றுப்பட்ட கிருமிகள் வித்துகளாகி மண்ணில் தங்கிவிடும். அதனால் உடலைத் திறக்காமல் கால்நடை மருத்துவருக்குத் தெரிவிக்க வேண்டும். கறுத்த புண்ணுடனோ காய்ச்சலுடனோ மருத்துவமனைக்குச் செல்பவர், அண்மையில் எந்த விலங்கைத் தொட்டார் என்பதையும் கேட்காமலே சொல்லிவிடுவது நல்லது. மருத்துவரின் ஐயத்தை அத்திசையில் திருப்பும் முதல் தடயம் பெரும்பாலும் அதுதான்.