ஹசி, பச்சை, ஈரம்

ஓசூரில் ஜூஜுவாடி சோதனைச்சாவடியைத் தாண்டினால் அத்திப்பள்ளி. சாலை அதேதான், குப்பைக்குத்தான் பெயர் மாறிவிடுகிறது. நம் பக்கம் ‘மக்கும் குப்பை, மக்காத குப்பை’. கர்நாடகத்தில் ‘ஹசி கஸ, ஒண கஸ’. ஓசூரில் தெலுங்கு பேசும் வீடுகளும் ஏராளம். அவர்கள் மொழியில் ‘தடி செத்த, பொடி செத்த’. கன்னடமும் தெலுங்கும் குப்பையை ஈரமா, காய்ந்ததா என்று தொட்டுப் பார்த்துப் பிரிக்கின்றன.

ஹசி என்பது நமக்கு அந்நியமான சொல் இல்லை. பழங்கன்னடத்தின் பகரம் பிற்காலத்தில் ஹகரமாயிற்று. நம் பால் அங்கே ஹாலு, புலி ஹுலி. ‘புது’வுக்கு உறவான ‘பொச’ ‘ஹொச’ ஆனது. ஓசூர் என்ற பெயரே அந்த ‘ஹொச ஊரு’தான், புத்தூர் என்று பொருள். அதே வழியில் ‘பசி’ என்பது ‘ஹசி’ ஆயிற்று. வயிற்றுப் பசியோடு இதைக் குழப்ப வேண்டாம், இது பசுமை, பச்சை ஆகியவற்றின் உடன்பிறப்பு.

பச்சை விறகு என்கிறோமே, அதில் நிறம் எங்கே இருக்கிறது? ஈரம் காயாத விறகு அது. சுடாத பானை பச்சை மண். காய்ச்சாத நீர் பச்சைத் தண்ணீர். பிள்ளை பெற்றவளுக்குப் பச்சை உடம்பு. உலராத, பக்குவம் ஏறாத நிலை எல்லாவற்றையும் தமிழ் ஒரே சொல்லில் கட்டி வைத்திருக்கிறது. தெலுங்கின் ‘பச்சி’யும் இந்தக் குடும்பம்தான்.

‘ஒண’ இன்னும் நெருக்கம். உணங்குதல் என்றால் காய்தல். சங்கப் பாடல்களில் பரதவர் மீன் உணங்கல் காயவைப்பார்கள். மலையாளிகள் இன்றும் உணக்கமீன் வாங்குகிறார்கள், நாம் கருவாடு என்று சொல்லி அந்த வினையை நழுவவிட்டோம். தெலுங்கின் ‘செத்த’ நம் செத்தையேதான்.

மக்கும், மக்காத என்ற பிரிவு 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு விதிகளை ஒட்டியது. அறிவியலாக அதில் பிழையில்லை. ஆனால் தொட்டி முன் நிற்கும் கைக்கு அது உதவுவதில்லை. செய்தித்தாள் மக்கும். அதற்காக உரக்குழியில் போடுவோமா? காய்ந்திருந்தால் பழைய பேப்பர்காரருக்குப் போகும், சாம்பார் ஊறிவிட்டால் எவருக்கும் ஆகாது. அதன் விதியை முடிவு செய்வது ஈரம். மக்குமா என்பதை யோசிக்க வேண்டும், ஈரத்தை விரலே சொல்லிவிடும். குப்பையைக் கையால் கிளறிப் பிரிக்கும் தூய்மைப் பணியாளருக்கு இந்த வேறுபாடு நன்றாகவே தெரியும்.

ஈரம் என்ற சொல்லுக்கு அன்பு என்றும் பொருள் வைத்த மொழி இது. வள்ளுவர் ‘இனியவை கூறல்’ அதிகாரத்தில் அந்தப் பொருளில்தான் அதை ஆள்கிறார். நெஞ்சில் ஈரமில்லாதவன் என்று இன்றும் திட்டுகிறோம். இத்தனை வாழ்வு கொண்ட சொல்லைத் தொட்டியில் எழுத ஏன் தயங்க வேண்டும்?

2019இல் மாநகராட்சியான ஓசூர் இதைத் தொடங்கி வைக்கலாம். ‘மக்கும்’ என்பதை அழிக்க வேண்டாம். பக்கத்திலேயே ‘ஈரக் குப்பை, உலர் குப்பை’ என்று பெரிய எழுத்தில் எழுதுங்கள்.