வில்லி லோமனின் தோல்வியும் 1928ஆம் ஆண்டும்

1949 பெப்ரவரி 10ஆந் திகதி நியூயோர்க் நகரின் மொறோஸ்கோ அரங்கில், எலியா கசானின் நெறியாள்கையில், ஆதர் மில்லரின் 'ஒரு விற்பனையாளனின் மரணம்' முதன்முதலாக மேடையேறிற்று. 742 தடவைகள் ஆடப்பெற்று, அவ்வாண்டின் புலிற்சர் பரிசையும் பெற்ற இந்நாடகத்தை, தகுதிக்கு மிஞ்சி ஆசைப்பட்ட ஒருவனின் வீழ்ச்சியாகக் காண்போர் பலர். நாடகத்தினுள் அமைந்த காலக்கணக்கை நோக்கின் இவ்விளக்கத்தின் போதாமை புலனாகும்.

அறுபத்துமூன்று வயதான வில்லி லோமன், முப்பத்தாறு ஆண்டுகள் உழைத்த நிறுவனத்தின் இளைய முதலாளி ஹொவார்டிடம், வெளியூர்ப் பயணமில்லாத வேலையொன்றை இரந்து நிற்கிறான். தன் திறமைக்கு அவன் சான்று காட்டும் ஆண்டு 1928. அவ்வாண்டில் வாரத்துக்குச் சராசரி 170 டொலர் தரகுப் பணம் ஈட்டியதாக அவன் கூற, முதலாளி அதனையும் மறுக்கிறான். வில்லியின் நினைவில் மின்னும் செவர்லே மோட்டார் வண்டியும் அவ்வாண்டுக்குரியதே. அடுத்த ஆண்டு ஒக்டோபரிற் பங்குச் சந்தை சரிந்தது. 1933இல் அமெரிக்கத் தொழிலாளருள் ஏறக்குறைய நால்வருக்கொருவர் வேலையின்றி இருந்தனர். ஆயினும் வில்லி தன் தாழ்வுக்குப் பெருமந்தத்தைக் காரணங் காட்டுவதில்லை. வியாபாரம் படுமோசம் என ஒப்புக்கொள்ளும் ஓரிடத்திலும், தனக்கு மட்டும் அவ்வாறில்லை என உடனே சேர்த்துக்கொள்கிறான்! நாடகத்தின் வரலாற்றுண்மை இச்சிறு பொய்யிலேயே தங்கியுள்ளது.

வெற்றி தனிமனிதனின் ஆளுமையால் வருவது என்று நம்பியவன், தோல்வியையும் தன்னுடையதாகவே ஏற்க வேண்டியவனாகிறான். நண்பர்களைச் சம்பாதித்துப் பிறரை வசப்படுத்தும் வழிகூறிய டேல் கானெகியின் நூல், மந்தத்தின் நடுவே, 1936இல் வெளிவந்து பெருந்தொகையாக விற்பனையானமை மனங்கொளத்தக்கது. பலராலும் விரும்பப்படுதலே முன்னேற்றம் என்னும் வில்லியின் வேதம் அக்காலச் சந்தைச் சரக்கேயாகும். மில்லர் இதனைத் தம் இல்லத்திலேயே கண்டவர். பெண்களுக்கான மேலங்கிகளைத் தயாரித்த அவரது தந்தையின் தொழில் 1929இன் சரிவில் அழிய, குடும்பம் மன்ஹற்றனை விட்டுப் புரூக்லினுக்குப் பெயர்ந்தது.

இதனால் வில்லியை முதலாளித்துவத்தின் பலிக்கடா எனக் கூறிவிட்டு அமைதல் தகுமா? அதே தெருவில், அதே சமுதாயத்தில், அயலவன் சார்லியும் அவன் மகன் பேர்னார்ட்டும் ஆரவாரமின்றி உயர்கின்றனர். சார்லியிடம் வாராவாரம் ஐம்பது டொலர் கடன் வாங்கும் வில்லி, அவன் தரும் வேலையை மட்டும் ஏற்க மறுக்கிறான். கடன் மானத்தைக் கெடுக்கவில்லை. வேலையை ஏற்பின் தோல்வியை ஒப்புக்கொண்டதாகிவிடும். சீமெந்து குழைப்பதிலும் மரவேலையிலும் அவனுக்கிருந்த கைத்திறனை அவனே பொருட்படுத்தியதில்லை. அவனது கல்லறையருகேதான் பிறர் அதனை நினைவுகூர்கின்றனர். எண்பத்துநான்கு வயது விற்பனையாளர் சிங்கிள்மனின் இறுதிச் சடங்குக்கு நூற்றுக்கணக்கானோர் திரண்டதை இலட்சியமாகக் கொண்டிருந்தவனுக்குக் குடும்பத்தினரும் அயலவர் இருவருமே வந்தனர்.

யாருடைய தோல்வி என்னும் வினா அரங்கோடு நிற்கவில்லை. பொதுவுடைமையாளரை வேட்டையாடிய அந்நாளில், கொலம்பியா நிறுவனம் 1951இல் இந்நாடகத்தைத் திரைப்படமாக வெளியிட்டது. அதனுடன் சேர்த்துக் காட்டுவதற்கென விற்பனைத் தொழிலின் மேன்மையை எடுத்தியம்பும் குறும்படமொன்றையும் தயாரித்தது. வில்லி ஒரு விதிவிலக்கு என்று பார்வையாளருக்கு உணர்த்துவதே அதன் நோக்கம். மில்லர் அதனைக் கடுமையாக எதிர்த்தார்.