நெதர்லாந்துத் தெருக்கள் வேகம் தணிந்த வரலாறு

நெதர்லாந்து என்றதும் நம் நினைவுக்கு வருவது மிதிவண்டிதான். அந்நாட்டு மக்கள் இயல்பிலேயே மிதிவண்டிப் பிரியர்கள், ஆகவே அவர்களுடைய தெருக்கள் எப்போதும் அமைதியாகவே இருந்திருக்கும் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். வரலாறு அவ்வாறு சொல்லவில்லை.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அங்கும் கார்கள் பெருகின. அவற்றுக்கு வழிவிடப் பழைய குடியிருப்புகள் இடிக்கப்பட்டன, சாலைகள் அகலமாயின, நடப்பவரும் மிதிவண்டியில் செல்பவரும் ஓரத்துக்குத் தள்ளப்பட்டனர். 1971ஆம் ஆண்டில் மட்டும் அந்நாட்டுச் சாலைகளில் ஏறத்தாழ 3,300 பேர் உயிரிழந்தனர். அவர்களில் 400க்கும் மேற்பட்டோர் சிறார்கள். அதாவது, நாளொன்றுக்கு ஒரு குழந்தைக்கும் மேல்.

அவ்வாண்டு மாண்ட குழந்தைகளுள் ஒருத்தி, விக் லாங்கன்ஹாஃப் என்ற பத்திரிகையாளரின் மகள். துயரத்தை மனத்துக்குள் புதைத்துக்கொள்ளாமல், 1972இல் அவர் தாம் பணியாற்றிய 'டெ டைட்' நாளிதழில் ஒரு கட்டுரை எழுதினார். பெற்றோர் ஒன்றுதிரண்டு அரசை வற்புறுத்த வேண்டும் என்பதே அதன் சாரம். 'குழந்தைக் கொலையை நிறுத்து' என்று அவர் சூட்டிய பெயரே ஓர் இயக்கத்தின் பெயராயிற்று. அதன் முதல் தலைவியாக விளங்கிய மார்ட்யே வான் புட்டன் என்ற இளம்பெண், பிற்காலத்தில் ஐரோப்பிய நாடாளுமன்ற உறுப்பினரானார்.

'கொலை' என்ற அச்சொல் கடுமையானதுதான். ஆயினும் அதைச் சற்று நின்று சிந்திக்க வேண்டியிருக்கிறது. நம் இல்லங்களில் ஒரு பிள்ளையைச் சாலை பறித்துக்கொண்டால், "அல்லாஹ்வின் நாட்டம்" என்று கூறிப் பொறுமை கொள்கிறோம். அப்பொறுமை நம் ஈமானைச் சேர்ந்தது, அதில் ஐயமில்லை. ஆனால், ஒட்டகத்தைக் கட்டிவிட்டு இறைவனிடம் பொறுப்புச் சாட்டும்படி கற்பிக்கப்பட்ட சமுதாயம் நாம். மறுநாள் அதே தெருவில் அதே வேகத்தில் வண்டிகள் விரைவதைப் பார்த்துக்கொண்டிருப்பதைப் பொறுமை என்று சொல்ல நமக்கு மனம் வரவில்லை.

அப்பெற்றோர் வாளாவிருக்கவில்லை. தெருக்களை மறித்து அங்கே பிள்ளைகளை விளையாட விட்டனர். ஆம்ஸ்டர்டாமின் டெ பெய்ப் பகுதியில் பள்ளிச் சிறார்களே தங்கள் தெருவைக் கேட்டுப் போராடியதும், தடுப்பை அகற்ற முனைந்த ஓட்டுநர்களின் சினமும் 1972இல் தொலைக்காட்சிப் படமாகவே பதிவாயின. 1973இல் எண்ணெய் நெருக்கடி வந்தபோது, அரசு சில ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓட்டத் தடை விதித்தது. வண்டியில்லாத தெரு எப்படி இருக்கும் என்பதை நாடே கண்டது.

இதற்கிடையே டெல்ஃப்ட் நகரில் 'வோனெர்ஃப்', அதாவது குடியிருப்பு முற்றம், என்ற முறை உருவாகியிருந்தது. நடைபாதைக்கும் சாலைக்கும் இடையிலான மேடு எடுக்கப்பட்டது, நேர்வழி வளைக்கப்பட்டது, மரங்களும் இருக்கைகளும் குறுக்கே வந்தன. அங்கே வண்டி நடைவேகத்தில்தான் செல்ல வேண்டும். 1976இல் இது சட்ட வடிவம் பெற்றது. பலகை நட்டால் மட்டும் வேகம் குறைந்துவிடாது என்பதை அவர்கள் அப்போதே அறிந்திருந்தனர். 1980களில் மணிக்கு 30 கிலோமீட்டர் வரம்புள்ள குடியிருப்புப் பகுதிகள் தொடங்கின.

30க்கும் 50க்கும் அப்படியென்ன வேறுபாடு என்று கேட்கலாம். ஒரு குழந்தை குறுக்கே ஓடிவருவதைக் கண்டு பிரேக்கை மிதிக்க ஓட்டுநருக்கு ஒரு நொடி ஆகிறது என்று கொள்வோம். 30இல் வரும் கார், உலர்ந்த சாலையில், ஏறத்தாழ 13 மீட்டருக்குள் முற்றிலும் நின்றுவிடும். 50இல் வரும் காரோ அந்த ஒரு நொடியிலேயே கிட்டத்தட்ட 14 மீட்டரைக் கடந்துவிடும். முன்னது நின்றுவிட்ட இடத்தில் பின்னது வேகம் சிறிதும் குறையாமல் வந்துகொண்டிருக்கும்.

2023 டிசம்பர் 8 அன்று ஆம்ஸ்டர்டாம் தன் பெரும்பாலான தெருக்களில் 30 கிலோமீட்டர் வரம்பை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அவ்வாண்டு நெதர்லாந்துச் சாலைகளில் இறந்தோர் 684 பேர். 1971ஐ விட மக்கள்தொகையும் கார்களும் மிகுந்திருந்தும் எண்ணிக்கை இவ்வளவு தாழ்ந்திருக்கிறது. எனினும் அந்த 684இல் 270 பேர் மிதிவண்டியில் சென்றவர்கள். அவர்களைக் காப்பது எப்படி என்ற வாதம் அங்கே இன்னும் ஓயவில்லை.